எக்ஸ்ரே அறையைப் புதிதாகப் பொறுப்பேற்பவருக்கு: நோயாளியின் பக்கம் நின்று ஒரு வழிகாட்டி

கதிர்வீச்சுப் பணியாளருக்கு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சால் உடலுக்கு ஏற்படக்கூடிய பாதிப்பை அளக்கும் அலகு) வரம்பு. எந்தத் தனி ஆண்டிலும் அது 30-ஐத் தாண்டக் கூடாது. பொதுமக்களுக்கு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட். இந்த எண்களைப் படிக்கும் காலத்திலேயே மனப்பாடம் செய்துவிடுகிறோம். ஆனால் மேசைமேல் படுத்திருக்கும் நோயாளிக்கு வரம்பு எவ்வளவு என்று கேட்டால், புதிதாக வேலைக்கு வந்தவர்களில் பலர் தடுமாறுகிறார்கள். நோயாளிக்கு வரம்பே கிடையாது என்பதுதான் விடை. நோயைக் கண்டறியத் தேவைப்படும் கதிர்வீச்சை ஓர் எண்ணைக் காட்டித் தடுத்தால் அதனால் கெடுவது அவர்தான் என்பதால், இந்தியாவிலும் வெளிநாடுகளிலும் அப்படியொரு வரம்பை யாரும் வகுக்கவில்லை. அதற்கு ஈடாக இரண்டு கடமைகள் விதிக்கப்பட்டிருக்கின்றன. இந்தப் படம் உண்மையில் வேண்டுமா என்று உறுதிசெய்வது ஒன்று. வேண்டுமென்றால், மருத்துவருக்குத் தேவையான தெளிவு கிடைக்கும் மிகக் குறைந்த அளவில் எடுப்பது மற்றொன்று. டெக்னீஷியன் மார்பில் குத்தியிருக்கும் டிஎல்டி பேட்ஜ் என்னும் கதிர்வீச்சு அளவி அவர் வாங்கிய அளவைச் சொல்லிவிடும். நோயாளியின் சட்டையில் அப்படி எதுவும் இல்லை. ஆகவே அவரைக் காப்பதற்கு இயந்திரமும், அறையும், அங்கே நிற்பவரின் கவனமும் மட்டுமே உண்டு.

வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களிலும் சிறு கிளினிக்கோ ஸ்கேன் மையமோ தொடங்குபவர்களையும், அங்கே முதன்முதலாக எக்ஸ்ரே அறைப் பொறுப்பை ஏற்கும் டெக்னீஷியன்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். பெரிய மருத்துவமனைகளில் கதிர்வீச்சு இயற்பியலாளர்கள் இருப்பார்கள். ஐயம் வந்தால் அறைக்கதவைத் தட்டிக் கேட்டுவிடலாம். குடியாத்தத்திலோ பேரணாம்பட்டிலோ ஒற்றை இயந்திரத்தோடு நடக்கும் மையத்தில் அந்த வசதி இல்லை. அங்கே எல்லாவற்றையும் நீங்களே அறிந்திருக்க வேண்டும்.

எந்தச் சட்டம், எந்த அலுவலகம்

இந்தியாவில் மருத்துவ எக்ஸ்ரேயின் பாதுகாப்பை மேற்பார்வையிடுவது, 1983 நவம்பர் 15 அன்று அமைக்கப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். எல்லோரும் ஏஇஆர்பி என்றே சொல்வார்கள். தலைமையகம் மும்பை அணுசக்தி நகரில் உள்ளது; தென்மாநிலங்களுக்கான மண்டல மையம் சென்னையில் இருக்கிறது. 1962-ஆம் ஆண்டின் அணுசக்திச் சட்டத்தின் கீழ் 2004-இல் வகுக்கப்பட்ட கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகளும், மருத்துவ எக்ஸ்ரே கருவிகளுக்கென்றே வாரியம் 2016-இல் திருத்தி வெளியிட்ட பாதுகாப்பு நெறிமுறையும் நீங்கள் ஒருமுறையாவது முழுமையாகப் படிக்க வேண்டியவை.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் பெறும் பதிவு வேறு. கருவின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அல்ட்ராசவுண்ட் கருவிக்குப் பெறும் பதிவு வேறு. இவ்விரண்டு சான்றுகளும் கண்ணாடி போட்டுச் சுவரில் தொங்குவதால் எக்ஸ்ரேக்கும் அனுமதி இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருக்கும் உரிமையாளர்கள் உண்டு. எக்ஸ்ரே, சி.டி., மேமோகிராம், பல் எக்ஸ்ரே, அறுவை அரங்கில் இருக்கும் சி-ஆர்ம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் வாரியத்தின் அனுமதி தனியாக வேண்டும். அல்ட்ராசவுண்டிலும் எம்.ஆர்.ஐ.யிலும் எக்ஸ்ரே இல்லாததால் அவை இந்த அனுமதிக்குள் வருவதில்லை.

முதல் படி: வாங்குவதற்கு முன்

அனுமதிக்கான வேலைகள் அனைத்தும் வாரியத்தின் இலோரா என்னும் இணையதளத்தின் வழியாகவே நடக்கின்றன. முதலில் உங்கள் நிறுவனத்தை அங்கே பதிவு செய்து, பயனர் கணக்கைப் பெற்றுக்கொள்ளுங்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே, விற்பவர் வாரியத்தின் அங்கீகாரம் பெற்றவரா, அவர் காட்டும் மாடல் வகை ஒப்புதல் (அந்த மாடலுக்கே வாரியம் தரும் ஒப்புதல்) பெற்றதா என்பதையும் அதே தளத்தில் சரிபாருங்கள். பெரிய ஊரில் புது இயந்திரம் வாங்கியவர்கள் பழையதைக் கைமாற்றிவிடுவதும், அது இடைத்தரகர் மூலம் சிறிய ஊருக்கு வந்து சேர்வதும் இத்தொழிலில் புதிதல்ல. பழைய இயந்திரம் வாங்குவதே தவறு என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது முந்தைய உரிமையாளரின் கணக்கிலிருந்து முறைப்படி விடுவிக்கப்பட்டிருக்க வேண்டும். தரப் பரிசோதனையில் தேறியிருக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் தாள் இல்லையென்றால் எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம்.

இயந்திரம் பொருத்தப்பட்டவுடன், பொருத்திய நிறுவனமே தரப் பரிசோதனை செய்து அறிக்கை தர வேண்டும். அந்த அறிக்கையோடு இயக்க அனுமதிக்கு விண்ணப்பித்து, அனுமதி கைக்கு வந்த பிறகுதான் முதல் நோயாளியை உள்ளே அழைக்கலாம். அனுமதி ஐந்தாண்டுகளுக்குச் செல்லும். முடியும் தேதியைச் சில மாதங்களுக்கு முன்பே நினைவூட்டும்படி நாட்காட்டியில் குறித்துவையுங்கள்.

இரண்டாம் படி: அறை

வேலூரின் பழைய தெருக்களில் குடியிருப்பு வீட்டையே மையமாக மாற்றுவது வழக்கமாக இருப்பதால், அறையைப் பற்றி முன்கூட்டியே யோசிப்பது அவசியம். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் பொதுவான எக்ஸ்ரேக்குப் போதுமானதாகவே கருதப்படுகிறது. சிக்கல் பெரும்பாலும் சுவரில் இராது. கதவிலும், சன்னலிலும், மேல்தளத்தில் யார் குடியிருக்கிறார்கள் என்பதிலும்தான் இருக்கும். காற்றுக்காகவோ வெளிச்சத்துக்காகவோ விட்ட திறப்பு எதுவாயினும், வெளிப்புறத் தரைமட்டத்திலிருந்து இரண்டு மீட்டருக்கு மேல் இருக்க வேண்டும். மார்புப் படம் எடுக்கும் ஸ்டாண்டை எந்தச் சுவரில் பொருத்துகிறீர்களோ அந்தச் சுவர்தான் நேர்க்கதிரை நாள் முழுவதும் வாங்கப்போகிறது. அதன் மறுபக்கத்தில் காத்திருப்போருக்கு பெஞ்சு போடாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரரின் படுக்கையறையாக அது இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். கதவுக்கு ஈயத்தகடு, வாசலில் சிவப்பு விளக்கு, தமிழில் எச்சரிக்கைப் பலகை ஆகியவற்றோடு, ஓர் அறையில் ஓர் இயந்திரம் மட்டுமே என்பதும் கட்டாயம்.

படமெடுக்கும் நேரத்தில் அடுத்த நோயாளியை உள்ளே உட்காரவைக்கும் பழக்கம் கூட்டம் மிகுந்த நாட்களில் தலைகாட்டும். அதை முதல் நாளே முளையில் கிள்ளிவிடுங்கள்.

மூன்றாம் படி: பணியாளர்

படம் எடுப்பவர் அங்கீகரிக்கப்பட்ட டிப்ளமோவோ பட்டமோ பெற்றவராக இருக்க வேண்டும்; அரசு மருத்துவமனைகளில் இவரை நுண்கதிர் வீச்சாளர் என்பார்கள். வரவேற்பில் இருப்பவர் அவசரத்துக்குப் பொத்தானை அழுத்துவது எந்தக் காரணத்தாலும் ஏற்கத்தக்கதல்ல. தகுதியுள்ள ஒருவரைக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலராக நியமித்து, அதற்கும் இலோரா வழியே வாரியத்தின் ஒப்புதலைப் பெற வேண்டும். சிறிய மையத்தில் கதிரியக்க மருத்துவரோ டெக்னீஷியனோ உரிய தகுதியிருந்தால் அந்தப் பொறுப்பையும் ஏற்கலாம்.

டிஎல்டி பேட்ஜை மார்பில், ஈய ஏப்ரனுக்கு உள்ளே அணிய வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். வேலை முடிந்ததும் அதை ஏப்ரனோடு சேர்த்து எக்ஸ்ரே அறைக்குள்ளேயே மாட்டிவிட்டுப் போகாதீர்கள். அடுத்த ஷிப்டில் எடுக்கும் படங்களின் சிதறல் கதிர் அதில் ஏறி, நீங்கள் வாங்காத அளவை உங்கள் பெயரில் காட்டும்.

நான்காம் படி: இயந்திரம் சொன்னபடி கேட்கிறதா

வாரியம் அங்கீகரித்த அமைப்பைக் கொண்டு இரண்டாண்டுக்கு ஒருமுறை தரப் பரிசோதனை செய்ய வேண்டும். கதிரை உண்டாக்கும் டியூபை மாற்றினால் உடனேயும் செய்ய வேண்டும். அறிக்கையைக் கோப்பில் வைப்பதற்கு முன் அதிலுள்ள எண்களைப் படியுங்கள். நீங்கள் வைக்கும் கேவிக்கும் (கதிரின் ஊடுருவும் திறனைத் தீர்மானிக்கும் மின்னழுத்தம்) உண்மையில் வரும் கேவிக்கும் வேறுபாடு 5 கேவிக்குள்ளும், டைமரின் பிழை 10 விழுக்காட்டுக்குள்ளும் இருக்க வேண்டும். கேவி குறைந்து வரும் இயந்திரத்தில் படம் வெளிறித் தெரிவதால் டெக்னீஷியன், கதிரின் அளவைத் தீர்மானிக்கும் எம்ஏஎஸ்ஸைக் கூட்டிக்கொண்டே போவார். அந்தக் கூடுதல் சுமை முழுவதும் நோயாளியின் தோல்மேல் இறங்கும்.

இரண்டாண்டுகளுக்கு நடுவில் நீங்களே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு, மாதந்தோறும் செய்யுங்கள். படம் பதியும் கேசட்டை மேசைமேல் வைத்து, டியூபிலிருந்து 100 சென்டிமீட்டர் தொலைவில் நிறுத்துங்கள். கதிர் விழும் பரப்பைச் சுருக்கி விரிக்கும் கொலிமேட்டரின் விளக்கைப் போட்டு, வெளிச்சக் கட்டம் கேசட்டைவிடச் சிறியதாக இருக்கும்படி சுருக்குங்கள். வெளிச்சத்தின் நான்கு ஓரங்களிலும் ஒவ்வொரு நாணயத்தை, அதன் வெளிவிளிம்பு வெளிச்சத்தின் எல்லையைத் தொடும்படி வையுங்கள். குறைந்த அளவில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். கதிர் விழுந்த பகுதியின் எல்லையும் நாணயங்களின் வெளிவிளிம்பும் ஒட்டியே இருந்தால் நல்லது. எந்தப் பக்கத்திலாவது 2 சென்டிமீட்டருக்கு மேல் விலகியிருந்தால் சர்வீஸ் இன்ஜினியரை அழைக்க வேண்டும். விளக்கு மாற்றும்போது உள்ளிருக்கும் கண்ணாடி சற்றே நகர்ந்துவிட்டால்கூட இந்த விலகல் வந்துவிடும். பிறகு நீங்கள் மார்புக்கென்று வெளிச்சத்தைக் குறித்தால், கதிர் தைராய்டின் மேலும் விழும்.

இதைவிடப் பரவலான கோளாறு, விளக்கே எரியாமல் போவது. விளக்கு எரியாத அறைகளில் டெக்னீஷியன்கள் வேறு வழியின்றிக் கொலிமேட்டரை முழுதும் திறந்துவைத்துக் குத்துமதிப்பாக எடுப்பதை நான் பார்த்திருக்கிறேன். மணிக்கட்டுப் படத்துக்கு வந்த சிறுவனின் மடிமேலும் கதிர் விழும் நிலை அது. ஒரு விளக்கு வாங்கிப் போடும் வேலையைத் தள்ளிப்போடுவதற்கு எந்த நியாயமும் கிடையாது. விளக்கு வந்த பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று அவசரமில்லாத படங்களை ஒத்திவைக்கும் உரிமையை உரிமையாளர் டெக்னீஷியனுக்குத் தந்தாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஐந்தாம் படி: நோயாளி உள்ளே வரும்போது

முதல் கேள்வி: "இதே இடத்துக்கு முன்னாடி படம் எடுத்திருக்கீங்களா?" சி.எம்.சி. மருத்துவமனையைத் தேடி வங்காளம், ஜார்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள், வங்கதேசம் ஆகிய இடங்களிலிருந்து வருபவர்கள் நிறைந்த ஊர் வேலூர். அவர்களில் பலர் பையில் ஒரு கட்டுப் படங்களோடுதான் வருகிறார்கள். நம் கிராமத்துப் பாட்டியின் மஞ்சள் பையிலும் போன வாரம் ஆற்காட்டில் எடுத்த படம் இருக்கக்கூடும். அதைக் கேட்டு வாங்கி மருத்துவரிடம் காட்டுவது, தேவையற்ற ஒரு படத்தைத் தவிர்க்கும் மிக எளிய வழி. தோல் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்வதற்கான உடற்தகுதிச் சான்றுக்காக மார்புப் படம் கேட்டு வருபவரிடமும் இதே கேள்வியைக் கேளுங்கள்.

சீட்டை எழுதியவர் மருத்துவர். அதை மறுக்கும் அதிகாரம் டெக்னீஷியனுக்கு இல்லை. ஆனால் சீட்டில் எந்தப் பக்கம் என்று எழுதாமல் இருந்தாலோ, வலி இடது முழங்காலில் இருக்க வலது என்று எழுதியிருந்தாலோ, சமீபத்திய படம் கையில் இருந்தாலோ, எழுதிய மருத்துவரை ஒரு போன் செய்து கேட்பது உங்கள் கடமை. இடுப்பு முதுகெலும்புப் படங்களில் இந்தக் கவனம் இன்னும் தேவை. மார்புப் படம் ஒன்றில் நோயாளி பெறுவது ஏறத்தாழ 0.02 மில்லிசீவர்ட். இடுப்பு முதுகெலும்புக்கு அது 1 முதல் 1.5 வரை போகும், வயிற்று சி.டி.யில் 8 முதல் 10 வரை. பூமியில் வாழ்வதாலேயே ஒருவருக்கு ஓராண்டில் இயற்கையாகக் கிடைப்பது உலகச் சராசரியில் 2.4 மில்லிசீவர்ட். நோயாளி பயந்து கேட்டால், மார்பு எக்ஸ்ரே என்பது சுமார் மூன்று நாள் இயற்கைக் கதிர்வீச்சுக்கு ஈடு என்று சொல்லுங்கள். சி.டி. பற்றிக் கேட்டால் அந்த ஆறுதலைச் சொல்லாதீர்கள். அது மார்புப் படங்கள் பல நூற்றுக்கு ஈடு என்பதையும், அதனால்தான் மருத்துவர் யோசித்து எழுதுகிறார் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

அடுத்து, படம் கெட்டு மறுபடி எடுக்க நேராதபடி ஆயத்தம் செய்வது. ஒரு படம் கெட்டால் நோயாளிக்கு அளவு இரட்டிப்பாகிறது. நம் பெண்களின் பின்னிய சடை தோளில் விழுந்திருந்தால் நுரையீரலின் உச்சியில் நிழல் விழும். காசநோய் மாற்றங்கள் அதிகம் தென்படும் பகுதியும் அதுவே. சடையைத் தூக்கி உச்சியில் முடிந்துகொள்ளச் சொல்லுங்கள். தாலியைக் கழற்றச் சொன்னால் பலர் மனம் நோவார்கள். கழுத்திலேயே இருக்க, மேலே தூக்கி வாயால் கவ்விக்கொள்ளச் சொன்னாலே மார்புப் படத்துக்குப் போதும். தாயத்து, அரைஞாண், ஊக்கு, சட்டைப் பையிலுள்ள செல்போன் ஆகியவற்றையும் பாருங்கள். மூச்சை இழுத்துப் பிடிப்பதை ஒருமுறை செய்து பார்க்கச் சொல்லிவிட்டுப் படம் எடுங்கள். தமிழ் தெரியாதவர்களுக்காக "மூச்சை இழுங்கள், பிடியுங்கள், விடுங்கள்" என்பதை வங்காளத்திலும் இந்தியிலும் கற்றுக்கொள்வது, வேலூரில் வேலை பார்ப்பவருக்கு விலையுயர்ந்த உபகரணத்தைவிடப் பயன் தரும்.

நிற்க முடிந்தவருக்கு மார்புப் படத்தை முதுகுப்பக்கமிருந்தே எடுங்கள்; மார்பகத்துக்கும் தைராய்டுக்கும் செல்லும் அளவு குறையும். இயந்திரம் அனுமதிக்கும் வரை கேவியை 15 விழுக்காடு கூட்டினால் எம்ஏஎஸ்ஸைப் பாதியாக்கலாம். சிறு குழந்தையின் மெல்லிய உடலுக்கு, சிதறல் கதிரை வடிகட்டும் கிரிட் தேவைப்படாது. அதை எடுத்துவிட்டால் அளவு வெகுவாகக் குறையும். குழந்தையைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டுமென்றால் கருவுற்றிராத உறவினர் ஒருவரை ஏப்ரன் அணிவித்து நிற்கவைக்க வேண்டும். நாள்தோறும் பிடித்துப் பிடித்து அளவு சேரும் என்பதால், அந்த வேலையை ஆயாவோ டெக்னீஷியனோ செய்யக் கூடாது.

நோயாளிக்கே ஈயத் துண்டு போடுவது பற்றிய கருத்து அண்மைக் காலத்தில் மாறிவருகிறது. படமெடுக்கும் பகுதிக்கு வெளியே செல்லும் கதிரில் பெரும்பங்கு உடலுக்குள்ளேயே சிதறுவது என்பதாலும், துண்டு நகர்ந்து பார்க்க வேண்டிய எலும்பை மறைத்தால் படம் மீண்டும் எடுக்க நேரும் என்பதாலும், வழக்கமாக இனப்பெருக்க உறுப்புப் பகுதிக்கும் கருவுக்கும் துண்டு போடுவதைக் கைவிடலாம் என்று அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் 2019-இல் அறிவித்தது. உங்கள் மையத்தில் எந்த முறையைப் பின்பற்றுவது என்பதைப் பாதுகாப்பு அலுவலரும் மருத்துவரும் முடிவு செய்து எழுதிவைக்கட்டும். எப்படியானாலும், கொலிமேட்டரைச் சுருக்குவதே முதல் கவசம். அதைச் செய்யாமல் ஈயத்தைப் போர்த்துவதில் பயனில்லை.

கர்ப்பிணிகளைப் பற்றி

கருவுற்றிருக்கலாம் என்று நினைப்பவர்கள் முன்னதாகவே தெரிவிக்க வேண்டும் என்ற அறிவிப்பு, காத்திருக்கும் இடத்தில் பெரிய தமிழ் எழுத்தில் இருக்க வேண்டும். பலகை இருக்கிறது என்பதற்காகக் கேட்காமல் விடாதீர்கள். மாமியாரும் கணவரும் பக்கத்தில் நிற்கையில் கேட்டால் உண்மையான பதில் வராது. தனியாக அழைத்து, "நாள் தள்ளிப் போயிருக்காம்மா? முழுகாம இருக்க வாய்ப்பிருக்கா?" என்று மெதுவாகக் கேளுங்கள், முடிந்தால் பெண் பணியாளர் கேட்கட்டும். ஐயம் இருந்தால் மருத்துவரிடம் சொல்லி, ஒத்திவைக்கலாமா, அல்ட்ராசவுண்டில் முடியுமா என்று கேட்க வேண்டும்.

கருவுற்றிருப்பது தெரியாமல் படம் எடுத்துவிட்ட பிறகு அழுதுகொண்டு வருபவர்களும் உண்டு. மார்பு, கை, கால், பல் ஆகிய படங்களில் கருவுக்குச் செல்லும் அளவு மிகமிகச் சொற்பம். மார்புப் படத்தில் 0.01 மில்லிகிரேக்கும் (உடல் உள்வாங்கும் கதிரின் அலகு) குறைவு. கரு பெற்ற அளவு 100 மில்லிகிரேக்குக் கீழ் இருந்தால், கதிர்வீச்சைக் காரணம் காட்டிக் கருவைக் கலைப்பது நியாயமாகாது என்பது சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையத்தின் நிலைப்பாடு. இதை அறியாத யாரோ ஒருவர் சொன்ன சொல்லைக் கேட்டுக் குழந்தையை இழக்கும் அவலம் ஒரு குடும்பத்துக்கும் நேரக் கூடாது. நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். எந்தப் படம், எத்தனை, எந்த கேவி, எந்த எம்ஏஎஸ் என்பதை எழுதிக்கொடுத்து மகப்பேறு மருத்துவரிடம் அனுப்புங்கள்.

ஆறாம் படி: டிஜிட்டல் இயந்திரத்தில் கவனம்

பிலிம் காலத்தில் அளவு கூடினால் படம் கறுத்துப்போய்த் தவறு உடனே தெரிந்துவிடும். டிஜிட்டலில் அளவு எவ்வளவு கூடினாலும் கணினி படத்தைச் சரிசெய்து அழகாகக் காட்டும். அளவு குறைந்தால் மட்டும் படத்தில் பொரிப்பொரியாகத் தெரியும். அதனால் டெக்னீஷியன் திட்டு வாங்காமலிருக்க, தன்னையறியாமலே அளவைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டு போகிறார். இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் இயந்திரம் காட்டும் எக்ஸ்போஷர் இண்டெக்ஸ் எண்ணை, அதாவது படம் பதியும் பகுதியில் விழுந்த கதிரின் அளவைக் குறிக்கும் எண்ணைப் பார்ப்பது. அந்த எண் கூடினால் அளவு கூடுகிறதா குறைகிறதா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறலாம் என்பதால், பொருத்த வரும் இன்ஜினியரிடம் கேட்டுக் கன்சோல் அருகே ஒட்டிவையுங்கள். கூடவே ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு, மறுபடி எடுத்த படம் ஒவ்வொன்றுக்கும் காரணத்தை எழுதுங்கள்: அசைந்தது, மூச்சுப் பிடிக்கவில்லை, நகை, தவறான பக்கம், இயந்திரக் கோளாறு. மாதக் கடைசியில் எண்ணிப் பார்த்தால் எங்கே பயிற்சி வேண்டும், எங்கே சர்வீஸ் வேண்டும் என்பது தானாகத் தெரியும். கணினியில் அழித்துவிட்ட படத்தையும் நோட்டில் எழுதினால்தான் இந்தக் கணக்கு நேர்மையாக இருக்கும்.

வார்டுக்குத் தள்ளிச் செல்லும் மொபைல் இயந்திரத்தில், பொத்தானின் கயிற்றை முழுதும் நீட்டிக் குறைந்தது இரண்டு மீட்டர் தள்ளி நில்லுங்கள். பக்கத்துக் கட்டில்காரரை நகர்த்த முடியாவிட்டால், கதிரின் திசையையாவது அவர் பக்கம் போகாமல் திருப்பிக்கொள்ளுங்கள்.

இயந்திரம் ஓய்வுபெறும்போது

எக்ஸ்ரே இயந்திரத்துக்குள் கதிரியக்கப் பொருள் எதுவும் கிடையாது. மின்சாரம் நின்றால் கதிரும் நின்றுவிடும். 2010-இல் டெல்லி மாயாபுரியில் பழைய இரும்புச் சந்தைக்குப் போய் உயிர்ப்பலி வாங்கியது கோபால்ட்-60 இருந்த வேறு வகைக் கருவி. ஆயினும் பழைய எக்ஸ்ரே இயந்திரத்தைக் காயலான் கடைக்குக் கேட்பாரற்றுப் போட்டுவிட்டால், யாராவது அதை வாங்கிப் பழுதுபார்த்து அனுமதியில்லாத ஓர் அறையில் மீண்டும் ஓடவிட வாய்ப்புண்டு. ஆகவே இயந்திரத்தைக் கைவிடுவதையும் இலோராவில் தெரிவித்து வாரியத்தின் ஒப்புதலைப் பெறுங்கள். டியூபை மீண்டும் பயன்படுத்த முடியாதபடி செயலிழக்கச் செய்து, அதற்குச் சான்று வாங்குங்கள். டியூப் உறையிலுள்ள ஈயத்தையும் எண்ணெயையும் முறையாக அகற்றுபவரிடம் ஒப்படையுங்கள். அந்தச் சான்றையும் பழைய தரப் பரிசோதனை அறிக்கைகளையும் ஒரே கோப்பில் வைத்திருங்கள். ஆய்வுக்கு வரும் அதிகாரி கேட்டால் எடுத்துக் காட்ட வேண்டியிருக்கும்.